அடிவயிற்றில் விடாமல் வலிக்குதா? கியாஸ் என்று விட்டுடாதீங்க!
குடலில் 'பை' விழுந்தவர்கள் எதை சாப்பிடலாம்? எப்போது நிறுத்தணும்?

அடிவயிற்றின் ஒரு பக்கம் மட்டும் விடாமல் வலிக்கும். லேசாக காய்ச்சல் அடிக்கும். ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றுப்போக்கு.

"ராத்திரி சாப்பிட்ட புரோட்டா ஒத்துக்கலை, கியாஸ்தான்" என்று மெடிக்கலில் ஒரு வலி மாத்திரையை வாங்கி போட்டுக்கொண்டு வேலைக்கு கிளம்பி விடுகிறவர்கள் பலர். ஆனால் எல்லா வலியும் கியாஸ் அல்ல. 'டைவர்டிகுலைட்டிஸ்' எனப்படும் குடல் பை அழற்சியாகவும் இருக்கலாம்.

பை விழுவது எப்படி?

பெருங்குடல் சுவரில் சில இடங்கள் பலவீனமாக இருக்கும். வயது ஏற ஏற, பழைய சைக்கிள் டியூப் புடைப்பது போல அந்த இடங்கள் சின்ன சின்ன பைகளாக வெளியே தள்ளும். பெரும்பாலானவர்களுக்கு பை இருப்பதே தெரியாது. தொந்தரவும் இருக்காது. அந்த பை வீங்கி புண்ணாகும்போதுதான் வலி ஆளை சுருட்டிப் போடுகிறது.

மேலை நாட்டினருக்கு இந்த வலி பெரும்பாலும் இடது பக்கம் வரும். ஆசிய நாட்டினர் பலருக்கு வலது பக்கமும் வருவதால், குடல்வால் வலி என்று தவறாக நினைப்பதும் உண்டு.

நார்ச்சத்து குறைந்த சாப்பாடுதான் இதற்கு காரணம் என்று 1971-ம் ஆண்டு நீல் பெயின்டர், டெனிஸ் பர்க்கிட் என்ற 2 டாக்டர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். உடல் பருமன், புகைப்பழக்கம், பரம்பரை, அடிக்கடி வலி மாத்திரை போடுவது ஆகியவையும் காரணம் என்பது பிறகு தெரியவந்தது.

வலி இல்லாத நாளில்...

தினமும் 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். இதற்கு பெரிய செலவு இல்லை. தீட்டிய அரிசி 100 கிராமில் சுமார் 3 கிராம் நார்ச்சத்துதான் இருக்கிறது. அதே அளவு கேழ்வரகில் சுமார் 11 கிராம் உண்டு. கம்பும் அப்படித்தான். காலையில் கூழ், மதியம் கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, சாயங்காலம் வடை, போண்டாவுக்கு பதில் சுண்டல் என்று மாற்றினாலே போதும்.

ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக கூட்டணும். கூடவே தண்ணீர் நிறைய குடிக்கணும். மைதா புரோட்டா, ஆட்டுக்கறி, மாட்டுக்கறியை குறைக்கணும். பீடி, சிகரெட்டை விட்டுடணும். தினமும் நடக்கணும்.

கொய்யா விதை சிக்குமா?

'கொய்யா விதையும் கடலையும் குடலில் போய் சிக்கிக்கும்' என்று பயந்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. டாக்டர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் 47 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து, 2008-ல் வெளியான ஆய்வு அந்த பயத்தை போக்கியது. கொட்டை வகைகள், சோளப்பொரி சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் கூடவில்லை. எனவே கொய்யா, தக்காளி, வேர்க்கடலையை தாராளமாக சாப்பிடலாம்.

வலி வந்துட்டா...

இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். நார்ச்சத்து நல்லதாச்சே என்று வலி நேரத்தில் கீரையும் களியும் சாப்பிடக்கூடாது. புண்ணான குடலுக்கு ஓய்வு தேவை.

டாக்டரை பார்த்து, அவர் சொல்கிறபடி முதல் ஓரிரு நாள் வடித்த கஞ்சித்தண்ணி, இளநீர், தெளிந்த சூப் போன்றவை மட்டும். வலி தணிந்ததும் குழைந்த சாதம், இட்லி, தோல் நீக்கி வேகவைத்த உருளைக்கிழங்கு. நன்றாக குணமான பிறகே பழையபடி கீரை, காய்க்கு மெல்ல திரும்பணும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தக்கூடாது.

'வயிறு சுத்தமாகட்டும்' என்று பேதி மாத்திரையோ விளக்கெண்ணெயோ குடிப்பது ஆபத்து. டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளை தானாக வாங்கி போடுவதும் கூடாது. அவை குடலில் ஓட்டை விழும் ஆபத்தை கூட்டும்.

உடனே ஓடுங்க!

காய்ச்சல் ஏறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, வயிறு பலகை போல இறுகினாலோ ஒரு மணி நேரம்கூட காத்திருக்க வேண்டாம். பை வெடித்து குடலில் ஓட்டை விழுந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. 108-ஐ கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு போய்விடணும். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம்.