கெந்திங்குக்குப் போகாத ரோலர் கோஸ்டர்

கடந்த மாதம் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் எங்கள் மேசையில் ஒரு வாக்குவாதம். தோக்கியோ டிஸ்னிலேண்டின் 'ஸ்பேஸ் மவுண்டன்' பற்றித்தான். 1983இல் பூங்கா திறந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அந்த ரோலர் கோஸ்டர், 2024 ஜூலை 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. பழையதை இடித்துவிட்டு, அதே பெயரில் புதியதைக் கட்டி 2027இல் திறப்பது திட்டம். இதை நிர்வாகம் 2022லேயே அறிவித்துவிட்டது.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் எங்கள் மேசையில் மூன்று வதந்திகள் ஓடின. புதியதில் இருட்டே இருக்காதாம். தலைகீழாகச் சுற்றுமாம். மூன்றாவதைச் சொன்ன தோழி, "என் அக்காவோட கூட்டாளி அங்கதான் வேலை செய்றாங்க" என்றாள். மேசை உடனே அமைதியானது. 'கூட்டாளி அங்கே வேலை செய்கிறார்' என்ற வார்த்தைக்கு அவ்வளவு பலம்.

நான் வாயைத் திறக்கவில்லை. ரோலர் கோஸ்டர் வதந்திகளில் எனக்கு அனுபவம் உண்டு. கேட்ட அனுபவம் அல்ல, கிளப்பிவிட்ட அனுபவம்.

2013இல் எனக்கு ஒன்பது வயது. ஜோகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கடற்பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர், செந்தோசா, அங்கே யூனிவர்சல் ஸ்டூடியோஸ். எங்கள் வகுப்பில் அங்கே போய் வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். போய் வந்தவர்கள் எல்லாரும் சொன்னது 'பேட்டல்ஸ்டார் காலாக்டிகா' பற்றி. ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டு போகும் இரண்டு தண்டவாளங்கள். சிவப்புத் தண்டவாளம் 'ஹியூமன்', அதில் சாதாரணமாக உட்கார்ந்து போகலாம். நீலத் தண்டவாளம் 'சைலோன்', அதில் கால்கள் அந்தரத்தில் தொங்கும், ஐந்து முறை தலைகீழாகப் புரட்டும். உயரம் 42.5 மீட்டர், வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை. இரண்டு வண்டிகளும் மோதிக்கொள்வது போல நெருங்கி, கடைசி நொடியில் விலகும்.

ஏறுவதற்கு 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நான் 122. எங்கள் வீட்டு அறைக் கதவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அளந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான், 2013 ஜூலையில், அதை மூடிவிட்டார்கள்.

அது முதல்முறையும் அல்ல. பூங்கா 2010 மார்ச்சில் முன்னோட்டமாகத் திறந்து ஒரு வாரம் ஆவதற்குள் இதே கோஸ்டர் நிறுத்தப்பட்டு, 2011 பிப்ரவரியில்தான் மறுபடி ஓடியது. இரண்டாவது முறை மூடியபோது சொல்லப்பட்ட காரணம் 'மறுஆய்வு' என்ற ஒரு சொல். எப்போது திறக்கும் என்று தேதி இல்லை. தேதி இல்லாத இடத்தில் கதைகள் முளைக்கும். எங்கள் பள்ளியில் முளைத்தவற்றில் பாதியை இங்கே எழுத முடியாது. பேய்க் கதைகூட ஒன்று இருந்தது.

ஒருநாள் ஓய்வு நேரத்தில் எல்லாரும் ஆளுக்கொன்று சொல்ல, என்னிடம் மட்டும் சொல்ல ஒன்றுமில்லை. ஏறியவளும் இல்லை, பூங்காவின் வாசலைக்கூடப் பார்த்தவள் இல்லை. சட்டென்று வாயில் வந்தது: "அத கழட்டி கெந்திங்குக்குக் கொண்டு போறாங்க. எங்கப்பா பார்த்தாரு. பாசிர் கூடாங்குல கப்பல்ல வந்து இறங்கியிருக்கு."

யோசித்துப் பார்த்தால், ஒன்பது வயதுப் பொய்க்கு அது மோசமில்லை. அதே 2013 செப்டம்பரில் கெந்திங் மலையின் வெளிப்புறக் கேளிக்கைப் பூங்காவை மூடினார்கள். அங்கே புதிய பூங்கா வரப்போகிறது என்று நாளிதழ்களில் பெரிய செய்தி. செந்தோசா உல்லாசத்தலமும் கெந்திங் குழுமத்தைச் சேர்ந்ததுதான். இங்கே ஒன்று மூடியிருக்கிறது, அங்கே ஒன்று வரப்போகிறது, முதலாளி ஒருவரே. நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு மாதத்தில் அது என் பொய்யைவிட நன்றாக வளர்ந்திருந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்குக் குளுவாங்கிலிருந்து வந்த சின்னம்மா மகன், என்னைவிட இரண்டு வயது இளையவன், என்னிடமே வந்து ரகசியமாகச் சொன்னான்: "அக்கா, பேட்டல்ஸ்டார் கெந்திங்குக்கு வருதாம். பன்னிரண்டு லாரியில ஏத்திட்டுப் போனாங்களாம்." லாரிகளை நான் சேர்க்கவில்லை. யார் எண்ணினார்களோ, பன்னிரண்டு.

அவன் அன்று வாங்கிய அங்பாவ் பணத்தை ஒரு மைலோ டின்னில் போட்டு மூடி வைத்தான். கெந்திங்குக்காம்.

கதை அப்பாவிடமும் போய்ச் சேர்ந்தது. அப்பா பாசிர் கூடாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் பரிசோதகர். கோயிலில் ஒருவர் அவரைப் பிடித்து, "ஏண்ணே, நீங்க பார்த்தீங்களாமே?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அப்பா திட்டவில்லை. "நான் எப்பம்மா பார்த்தேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நான் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஒரு கப்பல் தண்ணியில இறங்கும். அந்தப் பேரப் போயி நீ எடுத்திருக்கே" என்றார்.

மறுவாரம் ஒரு சனிக்கிழமை, வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய இரும்புத் துண்டை வைத்து அவர் செய்துகாட்டியதை நான் இன்னும் மறக்கவில்லை. பார்க்க நல்ல இரும்பு. அதில் சிவப்புச் சாயம் ஒன்றைத் தெளித்தார். சற்று நேரம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு வெள்ளைப் பொடி போன்ற ஒன்றைத் தெளித்தார். வெள்ளைப் பரப்பில் மெல்ல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது, மயிரிழை அளவு. கண்ணுக்கே தெரியாத விரிசலுக்குள் இறங்கியிருந்த சாயத்தை அந்தப் பொடி வெளியே இழுத்துக் காட்டியிருக்கிறது. "இதத்தான் பார்க்கிறதுன்னு சொல்லுவாங்க" என்றார்.

இப்போது இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'உலோகச் சோர்வு' என்ற பாடம் வந்தபோது எனக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருந்தது. கம்பி ஒன்றை ஒருமுறை வளைத்தால் உடையாது, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் உடையும். ரோலர் கோஸ்டருக்கும் இதுதான் எதிரி. வண்டி ஒவ்வொரு முறை பள்ளத்தில் இறங்கி எழும்போதும் தண்டவாளமும் தூணும் வெல்டிங் இணைப்பும் ஒரு சுமையை வாங்கி விடுகின்றன. ஒரு சுற்று இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, நாள் முழுக்க ஓட்டம், ஆண்டு முழுக்க நாட்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வண்டியின் சக்கரங்களும் நாம் நினைப்பது போல் இல்லை. கார் போல நான்கு சக்கரம் அல்ல, ஒவ்வொரு மூலையிலும் ஒரு கூட்டம். எடையைத் தாங்க மேலே சில, வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்க பக்கத்தில் சில, வண்டி தண்டவாளத்தைவிட்டு எழும்பிவிடாமல் இருக்க அடியில் சில. இப்படி மூன்று பக்கமும் பிடித்திருப்பதால்தான் தலைகீழாகப் புரண்டாலும் வண்டி விழுவதில்லை. அதனால் 'புதுப்பிப்பு' என்றால் புது வண்ணம், புது விளக்கு என்று நினைப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். சக்கரக் கூட்டத்தைக் கழற்றி, அச்சுகளை விரிசலுக்குச் சோதித்து, இருக்கைப் பூட்டுகளைச் சரிபார்ப்பதில்தான் மாதங்கள் போகும். அந்த வேலைக்கு அறிவிப்புப் பலகையில் அழகான படம் எதுவும் போட முடியாது.

வதந்தி என்றாலே பொய் என்று சொல்லிவிடவும் எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் கரோலினா எல்லையில் 'கேரோவிண்ட்ஸ்' என்ற பூங்கா இருக்கிறது. அங்குள்ள 'ஃபியூரி 325' ஏறத்தாழ 99 மீட்டர் உயரம். 2023 ஜூன் இறுதியில், பிள்ளைகளோடு வந்த ஒரு தகப்பனார் அதன் ஒரு தூணில் விரிசல் இருப்பதைக் கவனித்தார். வண்டி கடக்கும்போது தூணின் இரு பகுதிகள் விலகுவதைக் காணொளியாக எடுத்து நிர்வாகத்திடம் சொன்னார். கோஸ்டர் உடனே நிறுத்தப்பட்டது. அந்தத் தூணை மாற்றி, ஆகஸ்டு மாதம்தான் திறந்தார்கள். அந்தத் தகப்பனார் வெறும் பார்வையாளர்தான். ஆனால் எந்தத் தூண், எந்த இடம், எப்போது என்று சொல்ல அவருக்குத் தெரிந்தது. என் பன்னிரண்டு லாரிகளுக்கு ஓர் எண் பட்டைகூடக் கிடையாது.

இன்னொன்று ஒஹாயோவில், சீடர் பாயிண்ட் பூங்காவில். 1991இல் திறந்த 'மீன் ஸ்ட்ரீக்' மரத்தாலான பெரிய ரோலர் கோஸ்டர். வயதாக ஆகக் குலுக்கல் அதிகமாகி, ஏறியவர்கள் முதுகைத் தடவிக்கொண்டு இறங்கினார்கள். 2016 செப்டம்பரில் மூடினார்கள். பூங்கா ஏறத்தாழ ஓராண்டு முழுமையாக எதையும் சொல்லவில்லை. ஆனால் மரச் சட்டகத்தின்மேல் எஃகுத் தண்டவாளம் ஏறுவதை வேலிக்கு வெளியே நின்றவர்களே பார்த்துப் படம் எடுத்தார்கள். 2018இல் அது 'ஸ்டீல் வெஞ்ஜன்ஸ்' ஆகத் திறந்தது: மர உடம்பு, எஃகுத் தண்டவாளம், செங்குத்தான முதல் இறக்கம், நான்கு தலைகீழ்ச் சுற்றுகள். ரசிகர்களின் ஊகம் பலித்த இடம் இது. பலித்ததற்குக் காரணம், அவர்கள் தினமும் போய்ப் பார்த்தார்கள்.

நம் கதைக்கு வருகிறேன். 2015 மே 27ஆம் தேதி பேட்டல்ஸ்டார் மீண்டும் திறந்தது. கெந்திங்கில் அல்ல, செந்தோசாவில், நின்ற இடத்திலேயே. வண்டிகள்தான் மாறியிருந்தன. முன்பு வரிசைக்கு நான்கு இருக்கைகள், இப்போது இரண்டு. கேட்டவர்கள் பலர் "இவ்வளவுதானா?" என்றார்கள். இரண்டு ஆண்டு காத்திருந்தவர்கள் புதிய வளைவையோ புதிய கதையையோ எதிர்பார்த்திருந்தார்கள். எனக்கு அன்று எதுவும் புரியவில்லை. இன்று பார்த்தால் அது சின்ன மாற்றமே இல்லை. நான்கு இருக்கை அகலமான வண்டி புரளும்போது ஓரத்து இருக்கைகள் நடுவைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. அதற்கேற்ப விசையும் கூடுகிறது. அகலத்தைக் குறைத்தால் வண்டியின் எடை குறையும், தண்டவாளம் வாங்கும் சுமை குறையும். பதிலுக்கு ஒரு சுற்றில் ஏறக்கூடியவர்கள் எண்ணிக்கையும் குறைந்து வரிசை நீளும். ஒரு நிறுவனம் வரிசை நீள்வதை ஏற்றுக்கொண்டது என்றால், அது அலங்காரத்துக்காகச் செய்த வேலை அல்ல என்பது என் கருத்து.

அந்த ஆண்டு இறுதி விடுமுறையில் அப்பா எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். தம்பி மைலோ டின்னை உடைத்து, ரிங்கிட்டை வெள்ளியாக மாற்றியபோது அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதைப் பார்த்து முகம் சுளித்தான். மீதியை அப்பா போட்டார். வாசலில் உயரம் அளந்தார்கள். எனக்குத் தாராளமாக இருந்தது. தம்பி காலணிக்குள் குதிகாலைத் தூக்க முயன்று, தேவையில்லாமலே தேறினான்.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரிசை. தம்பி நீலம்தான் வேண்டும் என்றான். அப்பா அவனோடு போனார். எனக்குச் சிவப்பே போதும் என்று தனியாக ஏறினேன். வண்டி கிளம்பும் முன், பூட்டை இழுத்துச் சரிபார்த்த ஊழியரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல வண்டி பக்கத்தில் வரும்போது தம்பியைப் பார்த்துக் கையசைக்க வேண்டும் என்று திட்டம். எதுவும் தெரியவில்லை. காற்று, ஒரு சத்தம், நிறைய கால்கள். அவ்வளவுதான். இறங்கிய பிறகு அப்பா படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கப்பலே தேவல" என்றார்.

திரும்பும் வழியில் கடற்பாலத்தில் பேருந்து நகராமல் நின்றது. தம்பி நெடுநேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, அப்போ கெந்திங்குக்குப் போனது திரும்பி வந்துடுச்சா?"

அப்பா முன் இருக்கையில் இருந்தார். தூங்குகிறாரா, கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. நான், "ஆமா, திரும்பக் கொண்டுவந்துட்டாங்க" என்றேன்.

கெந்திங்கில் புதிய பூங்கா, நீண்ட இழுபறிக்குப் பிறகு, 2022 பிப்ரவரியில்தான் திறந்தது. தம்பி இப்போது ஆறாம் படிவம் படிக்கிறான். சென்ற வாரம்கூட ஸ்பேஸ் மவுண்டனில் என்ன நடக்கிறது என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்பினான். "நீ இஞ்சினியரிங் படிக்கிறே, உனக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தான். அறிவித்ததை மட்டும் எழுதி அனுப்பினேன்: இடிக்கிறார்கள், 2027 என்கிறார்கள்.

பன்னிரண்டு லாரிகள் பற்றி அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சின்னம்மா வீட்டில் இந்த நாளிதழ்தான் வாங்குகிறார்கள்.