கிரீன் கார்டு... டோக்கன் நம்பர் என்ன பாஸ்?

'அமெரிக்கா போயிட்டா லைஃப் செட்டில்!' - ஹாஸ்டல்ல இப்படிச் சொல்லாத ஃபைனல் இயர் உண்டா? கொஞ்சம் நில்லுங்க பாஸ். விசா வேற, கிரீன் கார்டு வேற!

ஹெச்-1பி என்பது தற்காலிக வேலை அனுமதி. பொதுவா 6 வருஷம்தான் லிமிட். நிரந்தரமாகத் தங்க கிரீன் கார்டு வேணும். அதுக்குப் பெரும்பாலும் உங்க கம்பெனிதான் அசையணும். 'இந்த வேலைக்குத் தகுதியான உள்ளூர் ஆள் கிடைக்கலை' என்று தொழிலாளர் துறையிடம் காட்டி விண்ணப்பிக்கும். அந்தத் தேதிதான் க்யூவில் உங்க டோக்கன்.

1990-ல் வந்த சட்டப்படி, வேலை அடிப்படையில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கார்டுகள். மனைவி, குழந்தைகளும் இதுக்குள்ளேயே அடக்கம். ஒரு நாட்டில் பிறந்தவங்களுக்கு 7 சதவிகிதம்தான் உச்சவரம்பு. குட்டியூண்டு ஐஸ்லாந்துக்கும் அதே, நமக்கும் அதே! விளைவு? 2025 ஜூலை பட்டியலில், மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கான பிரிவில், 2013 ஜனவரிக்கு முன்னாடி டோக்கன் வாங்கின இந்தியர்களுக்குத்தான் அழைப்பு.

இதில் மாட்டிக்கிறது நம்ம வயசுப் பசங்க. சென்னையில் பிறந்து 3 வயசில் அங்கே போன பையன், 21 தாண்டினால் பொதுவா அப்பாவோட விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடுவான். அங்கேயே பிறந்த தங்கச்சி அமெரிக்கக் குடிமகள். அண்ணனோ ஸ்டூடன்ட் விசா தேடணும், இல்லைன்னா கிளம்பணும். எனக்கு இப்போ 20. நினைச்சாலே பகீர்ங்குது!

போகாதீங்கன்னு சொல்லலை. ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும், 'கிரீன் கார்டுக்கு எப்போ ஃபைல் பண்ணுவீங்க?'ன்னு ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க. சம்பளம் ரெண்டாவது கேள்வியா இருக்கட்டும்!