களை வெட்டும் எஞ்சின் வானில் பறக்குமா?

பிரஷ் கட்டரின் எஞ்சினைக் கழற்றி மாதிரி விமானத்தின் மூக்கில் பொருத்துவது விமானப் பிரியர்களிடையே பழகிப்போன வேலைதான். பெரும்பாலும் அதற்கு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களையே எடுப்பார்கள். 1990களில், எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடும் சிறிய ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் தோட்டக் கருவிகளில் வரத் தொடங்கியதும் அவற்றின் மீதும் கண் விழுந்தது. அந்த வகைக்கு நல்ல உதாரணம் நம் ஊர் பிரஷ் கட்டர்களிலும் காணப்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்25. கொள்ளளவு 25 சிசி, எடை சுமார் 2.8 கிலோ, 7,000 சுற்றில் தருவது ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். விமானத்துக்கென்றே செய்யப்படும் இதே அளவு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் இரண்டு மடங்குக்கு மேல் திறன் தருவதாக விற்கப்படுகிறது. இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் மாற்றும் முயற்சியே வீண் என்றுதான் தோன்றும். ஆனால் விமானத்தை இழுப்பது குதிரைத்திறன் அல்ல, புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்று. எஞ்சினுக்கேற்ற விமானத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்த முயற்சிக்குப் பொருள் உண்டு.

ஒரே திறனைக் கொண்டு கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளலாம், நிறையக் காற்றை மெதுவாகவும் தள்ளலாம். நின்ற நிலையில் இரண்டாவது வழியே அதிக இழுவை தரும். கோட்பாட்டின்படி, திறன் மாறாமல் புரொப்பெல்லரின் விட்டம் 12 அங்குலத்திலிருந்து 18 ஆனால் இழுவை ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். 18 அங்குல புரொப்பெல்லர் 7,000 சுற்றில் சுழன்றாலும் அதன் நுனி வேகம் நொடிக்கு சுமார் 168 மீட்டர்தான். ஒலி வேகத்தில் பாதியைத் தொடாது, ஆகவே இரைச்சலும் அடங்கியிருக்கும். தலைகீழ் வித்தை காட்டும் விமானத்துக்கு இந்த எஞ்சின் உதவாது. அகன்ற இறக்கையோடு நிதானமாகப் பறக்கும் பழைய பயிற்சி விமானங்களின் பெரிய மாதிரிகளுக்குப் பொருந்தும். அவற்றில் மூக்குப் பக்கம் எப்படியும் எடை தேவைப்படுவதால் எஞ்சினின் கனமும் ஓரளவு பயன்படும்.

தோட்ட வேலைக்காக இதில் செய்த ஏற்பாடுகள் விமானத்துக்கும் ஒத்துவருவது இன்னொரு சாதகம். இதன் 80 மில்லி எண்ணெய், உள்ளே சுழலும் தகட்டால் மூடுபனிபோல் சிதறி எல்லா பாகங்களுக்கும் போகிறது. டயாஃப்ரம் கார்புரேட்டர் எந்தச் சாய்விலும் பெட்ரோல் ஊட்டுகிறது. வெளிவரும் தண்டின் பக்கமிருந்து பார்த்தால் எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், கடையில் கிடைக்கும் வழக்கமான புரொப்பெல்லரே சரியாக அமர்கிறது. பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டியதும் இல்லை.

ஆகவே மாற்றும் வேலையில் பெரும்பகுதி கழற்றுவதுதான். கிளட்ச், மேலுறை, எரிபொருள் தொட்டி, கயிறிழுக்கும் ஸ்டார்ட்டர் ஆகியவை போகும். புரொப்பெல்லரே சுழல்சக்கர வேலையைச் செய்வதால் ஃபிளைவீலையும் கடைந்து மெலிதாக்கலாம். ஆனால் தீப்பொறிக்கான காந்தமும் சமநிலையும் கெடக்கூடாது. பேட்டரியில் இயங்கும் மின்னணு இக்னிஷன் வைத்தால் ஃபிளைவீலையே விட்டுவிடலாம். தொடக்கத்தில் அது தீப்பொறியைத் தாமதப்படுத்துமாறு அமைத்தால் கையால் சுழற்றும்போது பின்னுதைப்பும் குறையும். அதிகக் கவனம் வேண்டியது புரொப்பெல்லரைத் தாங்கும் ஹப்பில். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சிலிண்டரில் வெடிப்பு நிகழ்வதால் தண்டில் முறுக்கு விட்டுவிட்டு வருகிறது. ஒற்றை நட்டை அது தளர்த்திவிடக்கூடும். எனவே ஹப்பை லேத்தில் கடைந்து, தண்டோடு மையம் பிசகாமல் இருக்கிறதா என்று டயல் கேஜில் பார்த்து, பல போல்ட்டுகளால் இறுக்க வேண்டும்.

மறுப்புகளில் வலுவானது பேரிங் பற்றியது. கிளட்ச் வழியாக முறுக்கை மட்டும் தரவே இந்தத் தண்டு அமைக்கப்பட்டது. புரொப்பெல்லரோ முன்னோக்கி இழுக்கும், விமானம் திரும்பும்போது தண்டை வளைக்கவும் பார்க்கும். இது உண்மைதான். ஹப் நீளாமல் எஞ்சினை ஒட்டி அமைவதும், இலேசான மர புரொப்பெல்லரும், திடீர்த் திருப்பம் இல்லாத பறத்தலும் சுமையைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஃபிளைவீலோடு அதன் குளிர்விக்கும் விசிறியும் போய்விட்டால் சூடு தணியாதே என்பது அடுத்த கேள்வி. புரொப்பெல்லர் தள்ளும் காற்றைச் சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே செலுத்தத் தகட்டால் வழி அமைத்து, சூடான காற்று வெளியேற நுழைவாயிலைவிடப் பெரிய திறப்பு விட்டால் சமாளிக்கலாம். தயார் எஞ்சின் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் இந்தப் பாடு என்பவர்களுக்கு, பறப்பது மட்டுமே நோக்கமென்றால் அதையே வாங்குங்கள் என்பதுதான் நேர்மையான பதில். லேத் வசதியும் பொறுமையும் உள்ளவருக்கு லாபம் வேறு: எடை, திறன், சுற்று, விட்டம் ஆகியவை ஒன்றையொன்று எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதை இந்த வேலை கையோடு கற்றுத் தருகிறது. அந்தப் பாடம் மலிவாக வந்தாலும் 18 அங்குல புரொப்பெல்லர் விரலை எடுத்துவிடும். விமானத்தைக் கட்டிவைத்து, எஞ்சினை உடனே அணைக்கும் சுவிட்சைச் சோதித்து, சுழல்தளத்தில் யாரும் நிற்காதபோது மட்டுமே ஓட்டிப் பார்க்க வேண்டும்.