வானத்துக்கும் கலங்கல் உண்டு

வானில் ஓடும் நீர் – 9

2015 டிசம்பர் 2-ம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. அந்த இரவு எப்படிப் போனது என்பதைப் பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், முடிச்சூர்வாசிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே மாதத்தின் கடைசியில் உலகத்தின் உச்சியிலும் ஓர் அதிசயம் நடந்தது. மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாத அந்தப் பருவத்தில் வடதுருவம் மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே உறைந்து கிடக்க வேண்டும். ஆனால், துருவத்துக்கு அருகே மிதந்த கருவி ஒன்று பூஜ்ஜியத்துக்கு மேல் காட்டியது!

ஒன்றால் மற்றொன்று விளையவில்லை. தாம்பரத்துக்கு வந்தது வங்கக் கடலின் ஈரம். துருவத்துக்குப் போனது அட்லாண்டிக்கின் ஈரம். ஆனால், இரண்டு இடத்திலும் வேலை செய்தது காற்று சுமந்துவந்த நீராவிதான்.

துருவக் காற்றுக்குச் சொந்தமாக ஈரம் அதிகம் கிடையாது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 40-ல் கால் கிராமைக்கூடத் தாங்காது. ஆகவே அங்கே விழும் பனியில் பெரும்பங்கு, வெகுதூரத்துக் கடல்களில் ஆவியான நீர்.

அது எப்படிப் போய்ச் சேருகிறது? பீர்க்கன்கரணை ஏரி நிரம்பினால் கரை நெடுக வழிவதில்லை. கலங்கல் வழியாகத்தான் வெளியேறும். வானமும் அப்படித்தான். நடு அட்சரேகைகளைத் தாண்டித் துருவத்தை நோக்கிப் போகும் நீராவியில் 90 சதவீதத்துக்கும் மேல், பூமியின் சுற்றளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத குறுகிய பட்டைகள் வழியே போகிறது என்று 1998-ல் ஷூ, நியூவெல் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். இவற்றுக்கு ‘வளிமண்டல ஆறுகள்’ என்று பெயர். ஒரு பக்கம் புயல், மறுபக்கம் நகராமல் நிற்கும் உயர் அழுத்தம். இரண்டுக்கும் இடையே திறக்கும் பாதையில் ஈரக்காற்று துருவத்துக்குப் பாய்கிறது. 2015 டிசம்பர் இறுதியில் வட அட்லாண்டிக்கில் உருவான கடும் புயல் திறந்துவிட்டது அப்படியொரு பாதையைத்தான்.

வந்த ஈரம் பனியாக விழுவதோடு வேலை முடிவதில்லை. நீராவி மேகமாகும்போது, கடலில் ஆவியானபோது வாங்கிவைத்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த மேகம், தரையிலிருந்து வானுக்குத் தப்பும் வெப்பத்தையும் மறிக்கிறது. வெயிலே இல்லாத துருவ இரவு சூடாவது இதனாலும்தான்.

தென்துருவத்திலும் இதே கதை. அண்டார்டிகாவின் உட்பகுதி ஒரு பாலைவனம். அங்கே ஆண்டு முழுக்க விழும் பனியை உருக்கினால் 5 செ.மீ. தண்ணீர்கூடத் தேறாது. தாம்பரத்தின் ஒருநாள் மழை அங்கே பத்தாண்டு வரவு. 2022 மார்ச்சில் அந்தப் பாலைவனத்துக்குள் ஒரு வளிமண்டல ஆறு நுழைந்தது. 18-ம் தேதி, பிரான்சும் இத்தாலியும் நடத்தும் கான்கார்டியா நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 11.8. வழக்கத்தைவிட 38 டிகிரிக்கு மேல் கூடுதல்! அந்த ஈரத்தின் பின்னணியில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிச் சூறாவளிகளும் இருந்தன. கரையோரத்தில் பனி உருகியது. உள்ளே அதைவிட அதிகமாகப் பனி சேர்ந்தது. ஈரம் துருவத்துக்கு வரவும் வைக்கும், செலவும் வைக்கும்.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவி சுமக்கும். பூமி சூடேறும் காலத்தில் இந்த ஆறுகள் கனத்துப் பாயும் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். துருவ மாற்றங்களைக் கண்காணிப்பதில் நம்மவர்களும் சும்மா இல்லை. தாம்பரம்–வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய ‘இண்டார்க்’ என்ற கண்காணிப்புக் கருவித் தொகுதி, 2014 ஜூலையில் ஆர்க்டிக்கின் காங்ஸ்ஃபியார்டன் கடல்நுழைவில் இறக்கப்பட்டது. ஆர்க்டிக் மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் என்ன உறவு என்று ஆராய்வது அதன் நோக்கங்களில் ஒன்று.

அந்த உறவைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.