உண்காளானும் அதன் போலிகளும்

ஐரோப்பியக் காடுகளிலே, கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர்காலத்திலும் மழை பெய்து ஓய்ந்தபின், கூடையேந்திக் காளான் தேடிச் செல்வோர் பலராவர். அவர்கள் பெரிதும் விரும்பித் தேடுவது பொலீற்றசு எடூலிசு என்னும் காளானாகும். பிரெஞ்சுத் தாவரவியலறிஞராகிய புலியார் 1782ஆம் ஆண்டில் இதற்கு இப்பெயரிட்டார். 'எடூலிசு' என்னும் இலத்தீன் சொல்லுக்கு உண்ணத்தக்கது என்பது பொருள். இத்தாலியர் இதனைப் பொர்ச்சீனி என்பர். யேர்மானியர் கற்காளான் எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். பைன், பீச்சு, ஓக்கு முதலிய மரங்களின் வேர்களோடு கூடி வாழ்வதாதலின், அவற்றின் அயலிலேயே இது தோன்றும்.

இதனை அறியுமாறு எங்ஙனம்? முதற்கண் தொப்பியின் அடிப்புறத்தை நோக்குதல் வேண்டும். அங்கே ஏடுகள் போன்ற செவுள்கள் இரா. கடற்பஞ்சினையொத்த நுண்டுளைகளே காணப்படும். உயிரைக் கொல்லும் அமனிற்றா பலோயிடீசு செவுளுடையது. அதன் நஞ்சு சமைப்பதனாலும் அழியாது. செவுளுடையவற்றை ஒதுக்கவே, அப்பேராபத்து நீங்கும். உண்காளானின் துளைகள் இளமையில் வெண்மையாயிருந்து, பின்னர் மஞ்சளாகி, முதுமையில் ஒலிவ நிறமடையும். பருத்த தண்டின் மேற்பகுதியிலே மெல்லிய வெண்ணிற வலைப்பின்னல் தோன்றும். வெட்டினாலும் உட்சதை வெண்மை மாறாது.

எனினும், துளையுடையன யாவும் உண்ணத்தக்கனவல்ல. தைலோப்பிலசு பெல்லியசு என்பது இளமையில் உண்காளானையே ஒத்திருக்கும். அதன் துளைகள் முதிருங்கால் இளஞ்சிவப்பாகும். தண்டின் வலை கபில நிறமானது. அது நஞ்சன்று, ஆயினும் அதன் கடுங்கசப்பு ஒரு துண்டினாலேயே உணவு முழுவதையும் கெடுத்துவிடும். இலென்சு என்பார் 1831இல் விவரித்த சாத்தான் காளானோ நஞ்சுடையது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் விளைப்பது. சுண்ணாம்பு போன்று வெளிறிய தொப்பியும் சிவந்த துளைகளும் அதனைக் காட்டிக்கொடுக்கும். வெட்டிய சதையும் நீலமாகும்.

இனி, நீலமாதலே நஞ்சின் அடையாளம் எனத் துணிதலும் தவறாகும். இமிலேரியா பாடியா என்னும் காளானின் துளைகள் அழுத்தியவிடத்து நீலமாகும். ஆயினும் சமைத்து உண்ணத்தக்கது. வெள்ளிக் கரண்டி கறுப்பின் நஞ்சு, கறாவிடின் நன்று என்னும் வழக்கும் பொய்யே. அதனை நம்பி உயிரிழந்தாருமுளர்.

ஆகவே, அடையாளம் ஒன்றையே பற்றி முடிவு செய்யலாகாது. துளை, வலை, சதை, நின்ற இடம் ஆகிய யாவும் ஒருமுகமாய்ப் பொருந்தினாலன்றிக் கொள்ளலாகாது; ஐயமுற்றவிடத்து விட்டொழித்தலே அறிவுடைமை. காளானுக்கு மாத்திரமன்றி, கற்பார் ஆராயும் பொருள் யாவற்றுக்கும் இவ்விதி பொருந்துவதாம்.