ஆறு எண்களில் ஒரு முகவரி

பாயான் லெப்பாஸில் ஓர் அச்சுப் பட்டறையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐயா, எஃப்டிபியில் பெயரை ஏற்கிறது, பாஸ்வேர்டையும் ஏற்கிறது. கோப்புப் பட்டியல் கேட்டால் மட்டும் ஊமையாகிவிடுகிறது. ப்ராக்ஸியில் 21ஐத் திறந்துதானே வைத்திருக்கிறோம்?"

அந்த ஊமையோடு எனக்குப் பல வருடப் பழக்கம். 21 என்ற போர்ட்டைத் திறந்தது சரிதான். கோப்புகளை அனுப்பி வாங்கும் எஃப்டிபிக்கு ஒரு கதவு போதாது, அவ்வளவுதான்.

ப்ராக்ஸியை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பினாங் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் மூன்று வருடக் கணக்குக்கு வந்து உட்கார்ந்து, செட்டிநாட்டு முதலாளியின் பெயரில் கொடுத்து வாங்கிய மேலாள் பார்த்ததும் இதே வேலைதான். எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று அவருக்கு எழுதிக் கொடுப்பதுதான் விதி.

எஃப்டிபியின் முதல் வரையறை 1971 ஏப்ரலில் வந்தது. எழுதியவர் கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குப் போன அபய் பூஷண். ஃபயர்வால் என்ற பேச்சே இல்லாத காலம். இன்றுவரை நிற்கும் வடிவம் 1985இல், நம் பினாங்கின் முதல் பாலம் திறந்த அதே வருடத்தில் வெளியானது. பேச்சுக்கு ஓர் இணைப்பு, சரக்குக்கு இன்னொன்று. பெரிய கோப்பு வந்துகொண்டிருக்கும்போதே "போதும், நிறுத்து" என்று சொல்ல வாய் சும்மா இருக்கும். நல்ல யோசனை. ஆனால் பழைய முறையில், "நான் இந்தக் கதவில் நிற்கிறேன், கொண்டு வா" என்று நாம் சொல்ல, சர்வர் நம்மைத் தேடி வரும். என் கொண்டோ ஜாகா, நான் ஆர்டர் கொடுத்த நாசி கண்டார்காரரையே உள்ளே விடமாட்டார்; சர்வரை விடுவாரா? அங்கே கைகொடுப்பது பாஸ்ஸிவ் முறை. நாமே கடைக்குப் போய்த் தாப்பாவ் வாங்கி வருகிறோம். எந்தக் கவுண்டர் என்பதைக் கடைக்காரர் சொல்கிறார்.

அவர் சொல்லும் விதம்தான் எனக்குப் பிரியமான விநோதம். 227 என்று தொடங்கும் பதிலில், கமா போட்டு ஆறு எண்கள். முதல் நான்கும் முகவரி. கடைசி இரண்டும் சேர்ந்து போர்ட். 195, 80 என்று வந்தால், 195ஐ 256ஆல் பெருக்கி 80ஐக் கூட்டுங்கள்: 50000. போர்ட் எண் இரண்டு பைட் ஆனதால் அதைப் பிட்டுப் பிட்டுத் தருகிறார்கள்.

கவனித்தீர்களா, முகவரி உறையின் மேல் இல்லை, கடிதத்துக்குள் இருக்கிறது. உறையை மட்டும் பார்க்கும் காவலுக்கு இரண்டாவது இணைப்பு எங்கே போகிறதென்றே தெரியாது. சர்வரும் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால், தன் உள்வீட்டு முகவரியையே எழுதி அனுப்பிவிடும். கேஎல் டாக்சிக்காரரிடம் என் பாட்டி "மாமரத்து வீட்டுக்குப் பக்கம்" என்று வழி சொன்ன மாதிரி. அந்த வம்பே வேண்டாமென்று 1998இல் வந்த புதிய கட்டளை போர்ட் எண்ணை மட்டும் சொல்கிறது.

இனி வாசகரின் சிக்கல். அவர் வைத்திருப்பது ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி. அது விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். தனி எஃப்டிபி மென்பொருள் அதனிடம் 'கனெக்ட்' என்று சுரங்க வழி கேட்கிறது. ஸ்குவிட்டோடு வரும் விதிகளில் அந்த வழி 443க்கு மட்டும்தான். இவர் 21ஐயும் சேர்த்திருக்கிறார், அதனால் பேச்சு நடக்கிறது. சரக்கு 50000க்குப் போகும்போது 'மறு' என்ற வரி பிடித்துக்கொள்கிறது.

அவசரத்தில் பலர் எல்லாப் போர்ட்டையும் திறந்துவிடுகிறார்கள். பூனை வந்து போக வேண்டுமென்று சுவரையே இடிக்கிற வேலை இது. சர்வர்காரரிடம் சொல்லி பாஸ்ஸிவ் போர்ட்டுகளை 50000 முதல் 50100 வரை என்று சுருக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு சர்வருக்கு மட்டும், அந்த வரம்புக்கு மட்டும் 'கனெக்ட்' அனுமதியை மறுப்பு வரிக்கு மேலே எழுதுங்கள். கீழே எழுதினால் யாரும் படிக்கப்போவதில்லை.

முடிந்தால் எஃப்டிபியையே விட்டுவிடுங்கள் என்றும் எழுதினேன். பாஸ்வேர்டு அதில் திறந்த தபால் அட்டை போலப் போகிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021இலேயே அதைக் கைவிட்டுவிட்டன. அதற்குப் பதில் எஸ்எஃப்டிபி வைத்தால் 22 என்ற ஒரே கதவு போதும். ஆனால் அச்சுக்கு அனுப்புகிறவர்கள் மாறினால்தானே பட்டறை மாற முடியும்.

போன வாரம் பதில் வந்தது. பட்டியல் தெரிகிறதாம். விதிக் கோப்பைத் திறந்தபோது, யாரோ ஒருவருடைய முகவரிக்கு எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்ட ஒரு வரியும் இருந்ததாம். அதன் மேல் "தற்காலிகம், 2009" என்று குறிப்பு. யாருக்காக என்று பட்டறையில் எவருக்கும் தெரியவில்லை. மூடிவிடட்டுமா என்று கேட்கிறார்.