அப்பாவுக்கு என்ன பாட்டு பிடிக்கும்? கேட்டிருக்கிறீர்களா?

மார்கழிக் கச்சேரிகளுக்குப் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். தனி ஆவர்த்தனம் முடிந்து, பாடகர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். அதற்காகவே காத்திருந்ததுபோல நடு வரிசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு கிளம்பும். கை மாறிக் கை மாறி முன்வரிசைக்குப் போய், அங்கிருந்து மேடை ஏறும். பாடகர் பிரித்துப் படித்துவிட்டு வயலின்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். பாட்டு தொடங்கும். சீட்டு எழுதியவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேட்டது ஒருவர், கேட்டது அரங்கம் முழுவதும்! வேண்டும் என்று சொல்வதற்கும் காது கொடுப்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான். 'எனக்கு இந்தப் பாட்டு வேண்டும்' என்று ஒருவர் கேட்க, அதைப் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து கேட்க, அப்படித்தான் சென்னையின் பாட்டு ரசனை வளர்ந்தது. இன்று ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பிளேலிஸ்ட். பாட்டு நிறையக் கேட்கிறோம். பக்கத்தில் இருப்பவரிடம் 'உனக்கு என்ன பாட்டு பிடிக்கும்?' என்று கேட்பதுதான் குறைந்துவிட்டது.

முள்ளைத் திருப்பிய நேயர்கள்

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானவர் பி.வி.கேஸ்கர். சினிமா பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் சாஸ்திரிய சங்கீதத்துக்கு இடம் கூடியது, சினிமா பாட்டுக்கு இடம் சுருங்கியது. மக்கள் என்ன செய்தார்கள்? சண்டை போடவில்லை. ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள்! கொழும்பிலிருந்து வந்த சினிமா பாட்டுகள் தமிழ்நாட்டு வீடுகளில் ஒலித்தன. கடைசியில் அரசே இறங்கிவந்து, 1957 அக்டோபர் 3-ம் தேதி விவித் பாரதியைத் தொடங்கியது.

அதன் பிறகு நேயர் விருப்பம் ஒரு பண்டிகையே ஆனது. அஞ்சலட்டையில் பாட்டின் பெயர், படத்தின் பெயர், கீழே வீட்டில் உள்ள அத்தனை பேரின் பெயர்கள். மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கும் சென்னை வானொலி நிலையத்துக்கு அட்டையைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அறிவிப்பாளர் பெயர்களைப் படிக்கும்போது, யாரென்றே தெரியாத ஊர்க்காரருக்கும் நமக்கும் ஒரே பாட்டு பிடித்திருப்பது தெரியவரும். முகம் தெரியாத அந்த ஆள் சட்டென்று சொந்தக்காரர் ஆகிவிடுவார்.

இரண்டு பக்கம், முப்பது முப்பது நிமிடம்

எண்பதுகளில் அஞ்சலட்டையின் இடத்துக்கு கேசட் வந்தது. தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என எந்தப் பக்கம் போனாலும் பாட்டு பதிந்து தரும் ஒரு சின்னக் கடை இருக்கும். காப்புரிமைச் சட்டப்படி பார்த்தால் அது சரியில்லைதான். ஆனால், கடைக்காரரிடம் கொடுக்கும் அந்தப் பட்டியலுக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

காரணம், 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான். சினிமா பாட்டு என்றால் ஆறு அல்லது ஏழு அடங்கும். கச்சேரியின் பிரதான உருப்படி ஒன்றைப் பதிந்தால் அதுவே ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். அதனால் 'ஏ' பக்கம் அம்மாவுக்கு சங்கீதம், 'பி' பக்கம் பிள்ளைகளுக்கு இளையராஜா என்று சமாதான ஒப்பந்தம் போட்ட வீடுகள் உண்டு. கேசட்டைத் திருப்பிப் போட மறந்தால், பிள்ளைகள் கல்யாணி ராகத்தையும் அம்மா டிஸ்கோவையும் கேட்டே ஆக வேண்டும்!

இந்த இரண்டு பக்கச் சண்டையைத்தான் 1985-ல் வந்த கே.பாலசந்தரின் 'சிந்து பைரவி'யும் கதையாக்கியது. மேடையில் பாடும் பெரிய வித்வானிடம், எல்லோருக்கும் புரிகிற தமிழில் பாடக் கூடாதா என்று சபையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்கிறாள். அவளே பாடத் தொடங்குகிறாள். நாட்டுப்புற மெட்டில் புறப்படும் அந்தப் பாட்டு தியாகராஜரின் கிருதியில் போய்ச் சேர்கிறது. அந்தப் படத்துக்காக இளையராஜாவுக்கும், அந்தப் பாட்டுக்காக சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது.

காணாமல் போன இரண்டாவது துளை

1979-ல் ஜப்பானில் சோனி நிறுவனம் முதல் வாக்மேனை வெளியிட்டபோது, அதில் ஹெட்போன் செருக ஒன்றுக்கு இரண்டு துளைகள் இருந்தன. ஒருவர் மட்டும் காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவாக இருக்குமே என்று சோனியின் நிறுவனர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா நினைத்ததுதான் காரணம். பாட்டுக்கு நடுவே இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு ஆரஞ்சு நிறப் பொத்தான்கூட வைத்தார்கள். ஆனால் ஜனங்கள் ஆளுக்கொன்று வாங்கித் தனித்தனியாகக் கேட்கவே விரும்பினார்கள். பின்னால் வந்த மாடல்களில் இரண்டாவது துளை காணாமல் போனது.

இன்றைய ஆப்கள் அதைவிட ஒரு படி மேலே. நாம் கேட்டதை வைத்தே அடுத்த பாட்டைத் தேடித் தருகின்றன. வசதிதான். ஆனால், 'பி' பக்கத்தைத் தவறுதலாகக் கேட்கும் வாய்ப்பு அதில் குறைவு. கானா பிடித்தவருக்கு மேலும் கானா, சங்கீதம் பிடித்தவருக்கு மேலும் சங்கீதம்.

குப்பத்துக்குப் போன கச்சேரி

ஒரே வீட்டுக்குள் இருக்கும் இந்தச் சுவர் ஊருக்குள்ளும் உண்டு. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி இருக்கும் மீனவர் பகுதி, ஊரூர் ஆல்காட் குப்பம். பெயரில் உள்ள ஆல்காட், அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையின் நிறுவனர்களில் ஒருவர். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால், தினமும் கடற்கரையில் நடைப்பயிற்சி போகிறவர்களில் பலர் குப்பத்துக்குள் காலடி வைத்ததே இல்லை.

2015-ல் இங்கே ஒரு விழா தொடங்கியது. கர்நாடக இசைக் கலைஞர் டி.எம்.கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் ஆகியோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து இதை ஏற்பாடு செய்தார்கள். கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், பறையாட்டம், வில்லுப்பாட்டு எல்லாம் ஒரே விழாவில். டிக்கெட் கிடையாது, பெரியவர்களுக்கென்று தனி வரிசை கிடையாது. பிந்தைய ஆண்டுகளில் பெசன்ட் நகருக்கு வரும் 29சி பேருந்துக்குள்ளேயும் பாட்டு ஏறியது.

'மீனவர்களுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லித்தரப் போகிறார்களா?' என்ற விமர்சனமும் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால், பாட்டு ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. சபாவுக்கு மட்டுமே போய்ப் பழகியவர்கள் குப்பத்துக்குள் வந்து உட்கார்ந்து, பறையின் அதிர்வை நெஞ்சில் வாங்கினார்கள். பறை என்றாலே முகம் சுளித்த பழக்கத்துக்கு அது ஒரு நல்ல மருந்து. 2016-ல் டி.எம்.கிருஷ்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

2017-ல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்காகச் சென்னை இடம்பிடித்தது. எந்தச் சென்னையின் இசை என்று ஒருவர் கேட்டிருந்தால், சில மாதங்களிலேயே இன்னொரு பதில் கிடைத்திருக்கும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் முன்னின்று உருவாக்கிய குழு அது. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். 2020 டிசம்பரில் இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. சபாக்களின் மாதம் என்று பெயரெடுத்த மார்கழியில் கானாவும் ஒப்பாரியும் நாற்காலி போட்டு உட்கார்ந்தன.

ஆளுக்கு ஒரு பாட்டு

இதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவர மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரம் போதும். ஆளுக்கு ஒரே ஒரு பாட்டு. ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. 'இதெல்லாம் ஒரு பாட்டா?' என்று யாரும் சொல்லக் கூடாது. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: 'உனக்கு இது ஏன் பிடிக்கும்?'

பாட்டை விட அந்தப் பதில்தான் முக்கியம். எந்த வருஷம், எந்த ஊர், யாரோடு பேருந்தில் போனபோது கேட்டது என்று அப்பா பேச ஆரம்பித்தால், இதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒரு கதை வெளியே வரலாம். மகள் கேட்கும் ராப் பாட்டில் தாத்தாவுக்கு வார்த்தை புரியாமல் போகலாம், தாளம் புரியும். வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கைத் தட்டிவிட்டால் இது நடக்காது. பக்கத்தில் உட்கார வேண்டும்.

கானாவில் 'மரண கானா' என்று ஒரு வகை உண்டு. வடசென்னையின் சாவு வீடுகளில், இறந்தவரின் வாழ்க்கையை இரவு முழுக்கப் பாட்டாகப் பாடுவார்கள். அதற்குப் பாடுகிறவர் முதலில் அந்த வீட்டாரிடம் இறந்தவரைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படி ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, 'பெரியவருக்கு என்ன பாட்டு பிடிக்கும்?' என்று கேட்டால், எத்தனை பேரிடம் பதில் இருக்கும்? அவருடைய போன் லாக்கைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்குமோ?

அப்பா பக்கத்து அறையில்தான் இருக்கிறார். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.